லலிதா குடித்த பால்

பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி 9

கடும் வெயில். நேற்று ஆம்பூர் வந்து சேர்ந்தோம். மாயவரத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் பாதி இன்னும் மூட்டையில். வீடு, தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற வரிசையில். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் வாடை சமையலறை வரைக்கும். அவருக்கு அங்கே ஆயில் இஞ்சின் வேலை. முதலாளி புதிதாக வாங்கியது. ஓட்டிக்கொண்டே உள்ளூர் ஆளுக்கும் பழக்கித் தர வேண்டும். ஒரு வருஷம்.

"ஒரு வருஷம்தானே, ஓடிப் போயிடும்" என்கிறார்.

லலிதாவுக்கு நாலு மாசம். ரயிலில் அழவே இல்லை. சமர்த்து.

வாங்க: து.பருப்பு, ம.எண்ணெய், துடைப்பம், வாளிக் கயிறு.

புரட்டாசி 20

ரொம்ப நாளாக எழுதவில்லை. குளிர்காய்ச்சல். கொய்னா மாத்திரை சாப்பிட்டுக் காதில் ஓயாத இரைச்சல். காய்ச்சல் விட்டது. பாலும் போய்விட்டது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

ஐப்பசி 6

மழை. துணி எதுவும் காயவில்லை.

பசும்பால் - கழிச்சல்.
தண்ணீர் கலந்து - அதேதான்.
ஆட்டுப்பால் - வாந்தி.
டப்பா மாவு - இரண்டு நாள் தங்கிற்று. அப்புறம் அதுவும் இல்லை.
பார்லித் தண்ணீர் - நிற்கிறது. ஆனால் அது சாப்பாடா?

உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழுகிறாள், சத்தம் வரவில்லை. டாக்டரம்மா சொன்னது: "தாய்ப்பால் கிடைச்சாப் பொழைக்கும். யாராவது இருந்தாப் பாருங்க." யார் இருக்கிறார்கள்? இந்த ஊரில் எனக்குத் தெரிந்தது தயிர்க்காரி ஒருத்திதான்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். குழந்தையைப் பார்ப்பதில்லை. பார்க்க முடியவில்லை அவருக்கு. விளக்கேற்றினேன். சாமியிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

ஐப்பசி 8

மழை விட்டது. கொல்லையில் துணி உலர்த்தும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"இன்னா யக்கா, உன் கொயந்த சத்தமே காணோம்? மின்னெல்லாம் ராப்பகலா அயுதுனு இருந்துச்சே?"

பக்கத்து வீட்டு ஜைத்தூன். சுவர் ஆள் உயரம், முகம் பார்த்ததில்லை. அவளுக்கும் கைக்குழந்தை உண்டு. கரீம் என்று கொஞ்சுவது கேட்கும். விஷயத்தைச் சொன்னேன். முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அய்யோ அல்லா! எடுத்துனு வா. இப்டி குடு."

சுவருக்கு மேல் இரண்டு கைகள். பச்சைக் கண்ணாடி வளையல். எங்கள் வீட்டில் வெளியார் வீட்டுத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். மாமியார் முகம் ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்தது. கைகள் நீட்டியபடியே இருந்தன. கொடுத்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் வைக்கவும் தெம்பில்லை போல. பிறகு விழுங்கும் சத்தம். மடக், மடக். நனைந்த சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

கார்த்திகை 2

தினமும் நாலைந்து வேளை லலிதா சுவர் தாண்டிப் போய் வருகிறாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அவரிடம் சொல்லாமல் முடியுமா, சொன்னேன். கை அலம்பிக்கொண்டே சொன்னார்: "பொழைச்சுதே, அது போதும்." கையைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கு மட்டும் எழுதிடாதே."

ஜைத்தூன் சிரிக்கிறாள்: "ஒண்ணு இந்தாண்ட, ஒண்ணு அந்தாண்ட. என் பையன் இவ முடியப் புடிச்சு இஸ்க்கிறான் யக்கா!"

வளையல் சத்தம் கேட்டால் என் மடியில் இருப்பவள் சுவர்ப் பக்கம் திரும்புகிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். படவில்லை.

அரிசியில் கல் ஜாஸ்தி. கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.

மாசி 11

பனி. கரீமுக்கு நெஞ்சில் சளி, ஜுரம். மூச்சு இழுப்பது இங்கே வரை கேட்கிறது. இன்று லலிதாவைக் கொடுக்கவில்லை. ஜைத்தூனும் கேட்கவில்லை.

மாசி 14

கரீம் போய்விட்டான். விடியும் நேரம். இவர் போய் வாசலில் ஆண்களோடு நின்றுவிட்டு வந்தார்.

மாசி 15

கிணற்றடியில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜைத்தூனின் மாமியார் யாரிடமோ: "ஊரான் கொயந்தைக்கு ஊட்டி ஊட்டிக் குடுத்தா, நம்ம புள்ள ஒடம்புல இன்னா தெம்பு நிக்கும்?"

என் காதில் விழ வேண்டும் என்று சொன்னதில்லை. நான் இருப்பதே தெரியாது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே வந்தேன். லலிதா கிண்ணத்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை. பார்க்க முடியாமல் பாவாடையை இழுத்து மூடினேன்.

மாசி 17

இப்போது பசும்பால் நிற்கிறது. பருப்புச் சாதம் பிசைந்து கொடுத்தால் தின்கிறாள். இனி அந்தப் பால் தேவையில்லை. "இனிமே அங்கே கொடுக்காதே. நம்மளப் பார்க்கப் பார்க்க அவங்களுக்கு வயிறு எரியும்" என்றார். சரி என்றேன்.

மத்தியானம் சுவரோரம் ஜைத்தூன். குரல் உடைந்து. "யக்கா... பால் கட்டிக்கிச்சு யக்கா. நெருப்பா கொதிக்குது. கொஞ்சம் குடேன் அவள."

கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னொரு கையால் குழந்தையின் வாயையும்.

மூன்று தரம் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

மாசி 18

அவர் ஷாப்புக்குக் கிளம்பியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாகவே போனேன். முதல் தடவை. வாசலில் மாமியார்க்காரி.

"இன்னாத்துக்கு வந்த?"

"குழந்தைக்குப் பசிக்குது."

பொய். சாதம் ஊட்டிய கை இன்னும் ஈரம். அவள் குழந்தையைப் பார்த்தாள். ரொம்ப நேரம். "உள்ள போ" என்று நகர்ந்துகொண்டாள்.

ஜைத்தூன் என்னைவிடச் சின்னவள். இத்தனை சின்னவள் என்று நினைக்கவில்லை. ஜுரத்தில் உதடு வெடித்திருந்தது. மார்பு கல். லலிதா வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பல் விலகி அழுகை. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவரிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அங்கீரச வருஷம், வைகாசி 22

அனல். பாலாறு வெறும் மணல். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. இவரும் நானும் வேண்டிய பேச்சு மட்டும்.

லலிதா நடக்கிறாள். நடந்து போவது அந்த வீட்டுக்கு. மத்தியானத் தூக்கமும் அங்கேதான். இன்று கூப்பிடப் போனால் உடம்பில் நீலச் சட்டை. கரீமுடையது. கழற்றாமல் விட்டேன். தூக்கப்போனால் குழந்தை ஜைத்தூனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை உதைக்கிறாள்.

பெற்றவள் நான். பிழைக்க வைத்தவள் அவள். எப்போது இந்த ஒரு வருஷம் முடியும் என்று கிடக்கிறேன். முடிந்தால் ஜைத்தூன் என்ன ஆவாள் என்று நினைத்தால் முடியவே வேண்டாம் போலவும்.

ஆடி 20

காற்று. கண்ணெல்லாம் புழுதி. இஞ்சினுக்கு ஆள் பழகிவிட்டானாம். ஆவணி பிறந்ததும் ஊருக்கு. ஜைத்தூனிடம் நானே சொன்னேன். "எப்போ?" என்றாள். அவ்வளவுதான்.

ஆடி 23

அந்த வீட்டில் லலிதாவின் அலறல். ஓடினேன். ஜைத்தூன் மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை வாய் வைக்கிறது, துப்புகிறது, அழுகிறது, மறுபடி வைக்கிறது. இவள் மறுபடி தடவுகிறாள்.

"அங்க போய் ஏங்கக் கூடாது யக்கா. இங்கியே மறந்துட்டுப் போவட்டும்."

எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கப் பார்த்தேன். தரவில்லை.

ஆடி 27

துப்புவதுகூட இல்லை இப்போது. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். ஜைத்தூன் கொல்லைப்பக்கமே வருவதில்லை. மூட்டை கட்டியானது. பானைகளைத் தயிர்க்காரிக்குக் கொடுத்தேன்.

ஆவணி 4

தூறல். ஜட்கா வாசலில். விடைபெறப் போனேன். இவரும் தெருமுனை வரை வந்து நின்றார்.

மாமியார்க்காரிதான் வெளியே வந்தாள். குழந்தையின் தலையில் கை வைத்தாள். "எங்க வயக்கத்துல ஒரே மார்ல பால் குடிச்சா கூடப்பொறந்ததும்மா. என் பேரன் போய்ட்டான். அவன் தங்கச்சியாவது எங்கனா நல்லா இருக்கட்டும்." அவள் காலைத் தொட்டேன். கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தாள்.

ஜைத்தூன்?

"கதவச் சாத்தினு உள்ள கீறா. வரமாட்டா. கூப்டாதம்மா."

லலிதா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். உள்ளே, ஜைத்தூனின் அறைக் கதவு வரை நடந்தாள். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். "அம்மா. அம்மா."

நான் அவள் பின்னால்தான் நின்றிருந்தேன். உள்ளே வளையல் சத்தம்கூட இல்லை.

ஜட்காக்காரன் நேரமாகிறது என்றான். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.