அப்பாவின் பொத்தானுக்கு ஒரு செம்புக் கம்பி

மார்ச் 4, செவ்வாய்

செயற்கைப் பல் கட்டும் கூடத்தில் இன்று வேலையில் நிமிர நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா குரல் கருவியை நீட்டுகிறார். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து, அதைக் கழுத்தில் வைத்து அழுத்தினால்தான் அவருக்குப் பேச்சு. கை நழுவிக் கீழே விழுந்ததில் பொத்தான் ஆடுகிறது. அழுத்தி அழுத்திப் பார்த்தால் ஒரு சொல் வருகிறது.

சர்வீஸ்காரரிடம் கேட்டேன். "அந்த மாடலே இப்ப வர்றதில்லைங்க. புதுசு வர ரெண்டு மாசமாவது ஆகும்."

புதியதற்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அதுவரை? அம்மாவுக்குக் கண் தெரியாது. அப்பா எழுதிக் காட்டி என்ன பயன்?

மார்ச் 5, புதன்

நானே திறந்தேன். பழைய பொத்தானை எடுத்துவிட்டுப் கடையில் வாங்கிய வேறொரு பொத்தானை ஈயத்தால் பற்றவைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். சூடு அதிகம், பொறுமை குறைவு. பொத்தானோடு அடியிலிருந்த செம்புத் திட்டும் சர்க்யூட் போர்டிலிருந்து உரிந்து வந்துவிட்டது. அரிசி முனை அளவுதான். ஆனால் அது இல்லாமல் ஈயம் எதில் ஒட்டும்?

வந்துகொண்டிருந்த அந்த ஒரு சொல்லும் போச்சு. யாரால? என்னால.

மார்ச் 6, வியாழன்

பகல் எப்படிப் போனது என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு தட்டு தட்டினா ஆமா, ஒரு தட்டுன்னா இல்ல. அதுக்கு மேல எங்களுக்குப் பேச என்ன இருக்கு?" என்று சிரித்தாள். மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா பலகையில் எழுத எழுத, நான் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும்டி. நீ படிச்சா அவர் சொல்ற மாதிரியே இல்ல. என்னை அதட்டுற மாதிரி இருக்கு."

அப்பா பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

நான் இதை விடுவதாக இல்லை.

மார்ச் 8, சனி

முதலாளியம்மாவிடம் கேட்டு, பெரிதாகக் காட்டும் விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் கீழ் வைத்துப் பார்த்ததும் மூச்சு வந்தது. போனது திட்டு மட்டும்தான். அதற்கு வரும் செம்புக் கோடு பச்சைப் பூச்சுக்கு அடியில் அப்படியே ஓடுகிறது. பூச்சைச் சுரண்டிக் கோட்டை வெளியே எடுத்து, அதிலிருந்து பொத்தானின் காலுக்கு மெல்லிய கம்பி ஒன்றை இழுத்தால் போதும்.

செத்துப்போன ரேடியோ போர்டு ஒன்றில் பழகினேன். முதலில் கோட்டையே சுரண்டி அறுத்தேன். அப்புறம் கம்பி ஈயத்தோடு இழுபட்டு வந்தது. நாள் பூராவும் பல்லைச் செதுக்குற கைக்கு இதுக்கு மட்டும் என்ன கேடு? சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பிறகு வைத்த கம்பிகள் இழுத்தும் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா விளக்கைப் பிடித்தார். பிளேடு முனையால் பூச்சைச் சுரண்டினேன் — மெல்ல, மெல்ல — செம்பு மினுங்கியது. அதில் ஈயம் பூசி, ஒற்றை இழைக் கம்பியைப் படுத்தி, பற்றவைக்கும் கோலால் ஒரே தொடல். உடனே கையை எடுத்துவிட்டேன். மறுமுனையைப் பொத்தானின் காலில் சேர்த்தேன். மீட்டரை வைத்தால் 'பீப்'.

"என்னடி கத்துது?" என்றாள் அம்மா.

"கோடு சேர்ந்திடுச்சும்மா."

கம்பி அசையாமலிருக்கப் பசை வைத்தேன். அப்பா அதற்குள் கையை நீட்டினார். "தொடாதீங்கப்பா. பசை காயணும், நாளைக்குத்தான்." பலகையில் 'கொடுமைக்காரி' என்று எழுதிக் காட்டினார்.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் மூடியைப் பொருத்திக் கொடுத்தேன். அப்பா அழுத்தினார். வண்டு போல அதே ரீங்காரம். அடுப்படியிலிருந்த அம்மா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

அப்பா கருவியைக் கழுத்திலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். பக்கத்து அறையில் ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று ஒரே ரகளை. "ஒரு நிமிஷம் வாயை மூடுங்களேன்!" என்று அம்மா கத்துகிறாள். அவர் எங்கே மூடுகிறார்! தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.