பால் வந்து சேரும் வழி

12 ஏப்ரல் 1978

இன்றும் பால் திரிந்துவிட்டது. அடுப்பில் ஏற்றிய சற்று நேரத்தில் திட்டுத்திட்டாகப் பிரிந்தது. கல்யாணப் பந்திக்கு ஐஸ்கிரீம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம்; தர முடியவில்லை. பெண்ணின் அப்பா பிச்சுமணி சத்தம் போடவில்லை. "உங்களை நம்பி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

13 ஏப்ரல்

உசிலம்பட்டியிலிருந்து பால் கொண்டுவரும் நல்லகாமனை இவர், என் கணவர், வாசலிலேயே நிறுத்திவிட்டார். "முதல் நாள் பாலைக் கலக்கறே. திருட்டு வேலை." வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லகாமன் கேன்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனிப் பால் பவுடர் போதும் என்கிறார் இவர். ருசி? அது போகட்டும் — கலந்தாரா இல்லையா, யார் கண்டது? இத்தனை வருஷத்தில் நாங்கள் உசிலம்பட்டிக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறோமா?

17 ஏப்ரல்

போய்விட்டு வந்தேன்.

பால் கறக்கும் இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒச்சாயி என்பவள் என் கண் முன்னால் கறந்து ஊற்றினாள். "மடியில இருந்து எறங்குறப்ப நல்லாத்தாம்மா இருக்கு. பெறகு நடக்குறதுக்கு நாங்க என்ன செய்ய?"

பிறகு நடப்பதை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திருவிழாக் கூட்டம். நல்லகாமன் இப்போது டீக்கடைகளுக்குக் கொண்டுபோகும் கேன்களை ஏற்ற கண்டக்டர் மறுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. வெயில் ஏற ஏறக் கேனைத் தொட முடியவில்லை.

"ஏன் நல்லகாமன், இதை எங்ககிட்ட சொல்லலை?"

"ஐயா பேச விட்டாத்தானம்மா. பாலு வேணாம்னுட்டா இந்தப் பொம்பளைங்க எங்கிட்டுப் போவாங்க?"

18 ஏப்ரல்

நம் ஐஸ்கிரீம் தொழில் மதுரை வில்லாபுரத்தில், நம் வாசலில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒச்சாயியின் தொழுவம், பஸ், கண்டக்டரின் மனசு, வெயில் — எல்லாம் நம் தொழில்தான். புது மிஷின் வாங்க யோசித்தோம். மிஷினுக்குப் பால் எப்படி வருகிறதென்று யோசித்ததில்லை. நாளைக்கு எவ்வளவு தேவை என்று நல்லகாமனிடம் என்றைக்காவது சொன்னோமா? அதுவும் இல்லை.

22 ஏப்ரல்

காலிக் கேன்கள் சும்மாதானே திரும்புகின்றன? இனி சாயங்கால பஸ்ஸில் அவற்றோடு ஐஸ் கட்டியும் போகும், சாக்கில் சுற்றி. அங்கே உமிக்குள் புதைத்து வைத்துக் காலையில் உடைத்துக் கேன்களைச் சுற்றிப் போட வேண்டும். இது நானும் நல்லகாமனும் பேசிப் பேசிக் கண்டுபிடித்தது. மறுபடி நல்லகாமன் பாலையே வாங்கலாம் என்றதற்கு இவர் "பார்க்கலாம்" என்றதோடு சரி.

30 ஏப்ரல்

திரியவில்லை.

19 மே

காலையில் நல்லகாமனிடமிருந்து டெலிபோன். இவர்தான் எடுத்தார். செக்கானூரணியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். "ஐஸு கரைஞ்சுருச்சுங்கய்யா. இந்தப் பாலை நம்பாதீக. டீக்கடையில குடுத்துட்டு வாரேன். நீங்க வேற பாலு பாத்துக்கங்க." நேரத்தில் தெரிந்ததால் ஊருக்குள்ளேயே பால் வாங்கி, ஒத்துக்கொண்ட கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

சாயங்காலம் இவராகவே பேச்சை எடுத்தார். "கொண்டு வந்து நம்ம தலையில தள்ளியிருக்கலாமே, அவன்" என்றார்.

21 மே

இவர் உசிலம்பட்டிக்குப் போனார். திரும்பும்போது செருப்பெல்லாம் புழுதி. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பேச வேண்டியதை. ஆள்கள் முன்னாடி சொன்னதை ஆள்கள் முன்னாடிதானே வாபஸ் வாங்கணும்" என்றார்.

8 ஜூன்

ஆனையூரிலிருந்து ஒரு பெரிய இடம். ஆவணியில் கல்யாணம், ஆயிரம் பேருக்கு மேல். அட்வான்ஸை மேஜையில் வைத்துவிட்டார்கள். முன்பென்றால் இவர் உடனே தலையாட்டியிருப்பார்.

இன்று அதைத் தொடவில்லை.

"ஒரு நாள் பொறுங்கோ. நல்லகாமனை ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேன்."