பின்வாசல் படியில் கொட்டிய தண்ணீர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, கை பழக்கத்தில் எழுதியும் விட்டேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். பதறாமல் படி பாப்பா. உன் அம்மா ஆறு வாரத்துக்கு முன்னால் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை நடக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே நடைப்பயிற்சிக்கு அழைத்துவருகிறேன், அவள் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் நான் பைப் ஃபிட்டராக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். இந்த வராந்தாவில் தலைக்கு மேலே ஓடுகிற குழாய் முழுவதும் என் கை பட்டது. போனில் இதைச் சொல்ல வழியில்லை, போன் அவள் கையில் இருக்கிறது, அவள் காது என் வாய்மேலேயே இருக்கிறது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேமரா கெட்டுப்போச்சு, குரல் மட்டும்தான் வரும் என்று அவள் உன்னிடம் சொன்னாளே, அது பொய். கேமராவுக்கு ஒன்றும் இல்லை. முதல் ஞாயிறு வார்டு கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினாள், பின்னால் சத்தம் கேட்கிறதே என்று நீ கேட்டபோது அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவோடு இருக்கிறேன் என்றாள். கேமராவுக்காகப் புதுப் போன் வாங்கிவிடாதே அம்மா, இருக்கிறதை வைத்தே ஓட்டு, ஒரு போனைத் தூக்கிப் போட்டால் மண்ணுக்கு எவ்வளவு விஷம் தெரியுமா, நீ செய்வதுதான் சரி என்று நீ சொன்னாய். போனை வைத்த பிறகு, பாப்பா என்னைப் பாராட்டினாள் என்று என்னிடம் சொன்னாள். இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டு, புரண்டு படுக்க முடியாமல், அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவன் நான். போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போன முறை வந்த பதினெட்டு நாளை நினைத்துப் பார். வந்த மறுநாள் காலையே சிங்க்குக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையை முற்றத்தில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தாய். இது மக்கும், இது மக்காது, இதுக்கு நானூறு வருஷம் ஆகும் என்று ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாய். உன் அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, திருட்டு நகையோடு பிடிபட்டவள் மாதிரி நின்றாள். பிறகு பன்னிரண்டு விதி எழுதிய அட்டை ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. காய்கறித் தோலும் மிச்சமும் உரமாக மூன்றடுக்கு மண்தொட்டிக்கு. கடைக்குத் துணிப்பை. பாத்திரத்துக்குப் பழத்தோல் ஊறவைத்த தண்ணீர். வாஷிங் மெஷின் அலசுகிற தண்ணீர் வீணாகாமல் பின்கட்டுச் செடிகளுக்கு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் என்ன பெரிய குப்பை வந்துவிடப்போகிறது என்று நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதற்கு நீ சொன்னதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. “அப்பா, உங்க தலைமுறைதான் இந்த உலகத்த இப்படி ஆக்கி வச்சுட்டுப் போகுது” என்றாய். சைக்கிளில் வேலைக்குப் போய், ஒரே செருப்புக்கு நாலு தடவை அடி வைத்து, தேய்ந்த வாஷரைத் திருப்பிப் போட்டே பாதிக் குழாய்களை ஓட்டியவன் நான். இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. நீ வருஷத்துக்கு எத்தனை தடவை பறக்கிறாய் என்று கேட்டேன், அது ஆபீஸ் வேலை அப்பா என்றாய். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். மனதை மூடவில்லை. நீ ஊருக்குப் போன அன்றே, இந்த அட்டையில் இருக்கிற எதற்கும் ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அசைத்தவள் அவள்தான். அறுபத்தாறு வயதில் பன்னிரண்டையும் ஒற்றை ஆளாகச் செய்தாள். உலகத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக் கிண்டல் செய்தேன். விஷயம் அது இல்லை பாப்பா. அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எவ்வளவு நேரம் ஓடும்? சாப்பிட்டியா, மாப்பிள்ளை எப்படி, வேலை இருக்கும்மா வச்சிடறேன், அவ்வளவுதான், நாலு நிமிஷம். அட்டை வந்த பிறகு அரை மணி நேரம் பேசினாய். தொட்டியில் புழு வந்துவிட்டதா, வாசனை எப்படி இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்று நீயே கேட்டாய். அவள் வாரம் முழுக்க அந்த அரை மணிக்காகவே வேலை செய்தாள். தக்காளி ஒன்று சிவந்தால் பறிக்காமல் ஞாயிறு வரை விட்டு வைப்பாள், அணில் கடித்துவிட்டுப் போகும். மகளோடு பேச ஒரு விஷயம் கிடைத்தது, அது குப்பையாக இருந்தால் என்ன என்று பிடித்துக்கொண்டாள். இதை எழுதும்போது உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

மெஷின் இருப்பது பின்பக்கக் குளியலறையில். செடிகள் பின்வாசலில் நான்கு படி இறங்கினால். தண்ணீரைப் பெரிய டப்பில் பிடித்து, அதிலிருந்து பக்கெட்டில் மொண்டு, படி இறங்கி ஊற்றிவிட்டு ஏறி வரவேண்டும். ஒரு துவைப்புக்கு எட்டு நடை, வாரத்துக்கு இரண்டு துவைப்பு. அட்டையில் இது ஒரே வரி. அந்த ஒரு வரியை யார் தூக்குவார்கள் என்று எழுதும்போது நீ யோசிக்கவில்லை. தளும்பித் தளும்பிச் சோப்புத் தண்ணீர் பட்டு இரண்டு மாதத்தில் படியில் பாசி பிடித்தது. எனக்குத் தெரியும். பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. கேட்டதும் என் மனதில் என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். ‘கொட்டிட்டாளா, நல்லா வேணும்’ என்று தோன்றியது. பக்கத்தைப் புரட்டினேன். எத்தனை நிமிஷம் போயிற்றென்று தெரியாது, விளையாட்டுப் பக்கம் முடிகிற வரைக்கும். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு அலறிய பிறகுதான் ஓடினேன். அவள் கடைசிப் படியில் இடுப்பும் மண்ணில் தலையுமாகக் கிடந்தாள். கூப்பிடக்கூட இல்லை. ஏன் கூப்பிடலை என்றதற்கு, நீங்க திட்டுவீங்கன்னுதான் என்றாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி எலும்பு முறிந்து கிடக்கும்போது புருஷனைக் கூப்பிட யோசிக்கிறாள் என்றால் அந்தப் புருஷன் என்ன ஆள். தூக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு, “தண்ணியெல்லாம் கொட்டிப்போச்சுங்க. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவ மனசு உடைஞ்சிடும்” என்றாள்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்குப் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அவரிடமும் பொய். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயும் அவள் சும்மா இருக்கவில்லை. நர்ஸ் உறையைக் கிழித்து ஊசியை எடுப்பாள், உறை கூடைக்குப் போகும். கையுறை போகும், டிரிப் பாட்டில் போகும், ட்யூப் போகும். படுத்தபடியே விரல் விட்டு எண்ணிவிட்டு, ஒருத்திக்காக ஒரு நாளைக்கு இவ்வளவு பிளாஸ்டிக்கா, இதெல்லாம் எங்கே போகிறது என்று நர்ஸைக் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நீங்க முதல்ல எழுந்து நடங்கம்மா, உலகத்த அப்புறமா காப்பாத்தலாம் என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டமான இடம். விழுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று, என்னங்க, இந்த மெஷின்லேருந்து நேரா செடிக்கு ஒரு பைப்பு போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கேட்டது யாரை? ஊர் ஆஸ்பத்திரிக்கே குழாய் இழுத்தவனை. நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “விதி எழுதினவள வந்து போடச் சொல்லு” என்றேன். அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். உன்மேல் இருந்த கோபத்தை உன்னிடம் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை, நீ தூரத்தில் இருக்கிறாய், படித்தவள், வாயாடி. பக்கத்தில் இருந்தவள்மேல் காட்டினேன். நீ போட்ட பாரமும் நான் எடுக்காத பாரமும் ஒரே இடுப்பில்தான் இறங்கியது.

அவள் வார்டில் இருந்த நாட்களில் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வருவேன். மண்தொட்டியைக் கவனிக்க ஆள் இல்லாமல் ஒரே நாற்றம், மூடியைத் திறந்தால் முகத்தில் ஈ. என்ன செய்வதென்று தெரியாமல் உன் அட்டையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். காய்ந்த இலையும் மரத்தூளும் தூவச் சொல்லியிருந்தாய். தூவினேன், மூன்று நாளில் நாற்றம் அடங்கியது. தவறாகச் சொல்லவில்லை நீ, அதையும் ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முந்தின சனிக்கிழமை, பழைய கருவிப் பையை எடுத்தேன். குளியலறைச் சுவரில் துளை, ஒன்றரை அங்குலக் குழாய் ஒரு நீளம், வளைவுக்கு இரண்டு எல்போ, முதல் சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கும் அலசும் தண்ணீரைச் செடிக்கும் திருப்பிவிட ஒரு வால்வு. சுவரோரம் வாட்டம் பார்த்துக் கொடுத்து, செடிக்குச் செடி குழாயில் ஓட்டை போட்டேன். படியில் இருந்த பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பக்கத்தில் பிடித்து இறங்கக் கைப்பிடிக் குழாய் ஒன்றும் நட்டேன். ஒன்பது மணிக்குத் தொடங்கியது, பன்னிரண்டரைக்கு முடிந்துவிட்டது. எட்டு மாதம் அவள் சுமந்தது மூன்றரை மணி நேர வேலை. ஒரு துவைப்பு ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவில்லை. நல்ல வேலை என்று என்னையே நான் மெச்சிக்கொள்ள முடியாமல் போன ஒரே வேலை அதுதான்.

அவளிடம் சொல்லவில்லை, நடக்க ஆரம்பித்ததும் தானே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், பாப்பா, இந்த வயதிலும் எனக்குப் புத்தி அவ்வளவுதான். போன வியாழக்கிழமை மெஷின் ஓடும் சத்தம் கேட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வரை வந்தாள். தண்ணீர் தானாகப் போய்க் கத்தரிக்கும் கீரைக்கும் பாய்வதைக் கதவைப் பிடித்தபடி பார்த்தாள். துளை போட்ட இடத்தைப் பார்த்தாள், குழாய் போகும் வழி முழுக்கக் கண்ணாலேயே போய் வந்தாள். என் பக்கம் திரும்பி, “இவ்வளவுதானா?” என்றாள். அதில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாக்கரைத் திருப்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாத்திரை வேண்டும், விளக்கை அணையுங்கள், இதற்கு மேல் என்னோடு பேச்சில்லை. சமையல், துவைப்பு, தொட்டி, துணிப்பை எல்லாம் நான்தான் செய்கிறேன். செய்து என்ன, நான் செய்வதை ஒரு கண்ணால்கூட அவள் பார்ப்பதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது, இருந்தாலும் பெற்றவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீ சொல்வது நல்லதாகவே இருக்கட்டும், சொல்வதற்கு முன்னால் அது யார் கையில் போய் நிற்கும் என்று ஒரு தடவை பார். நல்ல காரியத்துக்கும் இடுப்பு ஒன்று வேண்டியிருக்கிறது. புறப்பட்டு வா என்று எழுதமாட்டேன், வராதே என்றும் எழுதமாட்டேன். வந்தால் ஒரு மாதமாவது இருக்கிறமாதிரி வா. பார்த்துவிட்டுத் திரும்புகிறதாக இருந்தால் வேண்டாம், உனக்காக அவள் வாக்கரை ஒளித்து வைத்துவிட்டு நடந்து காட்டுவாள்.

இந்தக் கடிதம் வந்ததை அவளிடம் மறைக்காதே. இந்த வீட்டில் மறைத்ததெல்லாம் போதும். அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று நீயே சொல், பேப்பர் புரட்டியது உட்பட. அதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை, நாளைக் காலையில் சொல்லப்போகிறேன், கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நடைப்பயிற்சி முடிந்து வெளியே வருகிறாள், நிறுத்துகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒருவர் பாரத்தை ஒருவர் கேட்காமலே வாங்கிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா