கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்தார்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கடன் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் உங்களுக்குத் தனி மேஜை கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் பெண்கள் கடன் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இப்போதும் என் தையல் கடையில்தான் நடக்கிறது. நீங்கள் போனதிலிருந்து தவணை நாளில் மிரட்ட ஆளில்லை என்று மீன்காரம்மா கிண்டல் செய்கிறார்.

என் புது மெஷினுக்கு இணையம் வழியாகக் கடன் கொடுத்த வெளிநாட்டு அம்மா போன வியாழக்கிழமை வந்திருந்தார். தலையில் பெரிய தொப்பி. தெருப் பிள்ளைகள் அவரைத் தொப்பியம்மா ஆக்கிவிட்டார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மேற்பார்வையாளர் அழைத்துவந்து மொழிபெயர்த்தார். தொப்பியம்மா ஒரு சட்டையை எடுத்து, பொத்தானுக்குக் காஜா எடுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவரும் இளவயதில் தையல் வேலை பார்த்தவராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இளகிய மனசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து இவர் பெயின்ட் வேலை முடித்துவிட்டு உள்ளே வந்தார். யார் என்று மேற்பார்வையாளர் கேட்க, எங்க வீட்டுக்காரர் என்றேன். மேற்பார்வையாளரின் முகம் வெளுத்துவிட்டது. இணையத்துல உங்க படத்துக்குக் கீழே உங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னுல்ல எழுதியிருக்கு என்றார். அப்போ செத்தவனுக்கு ஒரு டீ கிடைக்குமா என்று இவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளர் அதை மொழிபெயர்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. தொப்பியம்மா தன் கையை எடுத்துக்கொண்டார். அவரும் கணவரை இழந்தவராம். இணையத்தில் இருந்த அத்தனை பெண்களின் படங்களில் என் படத்தை அவர் தேர்ந்தெடுத்தது அதனால்தானாம். டீயைத் தொடாமல் எழுந்தார். வாசலில் நின்று ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்க மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார்.

அன்று இரவு நான் போனில் கேட்டபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புருஷன் இல்லாதவன்னு போட்டா பணம் சீக்கிரம் வரும்டி, உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன், பெருசு பண்ணினா மத்தவங்க கடனும் நின்னுடும் என்றீர்கள். இவர் கை முறிந்து படுத்திருந்தபோது தினமும் சாப்பாடு கொண்டுவந்தவர் நீங்கள். அந்த மாதம்தான் என்னைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நம் குழுவில் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். உங்களை நம்பி, நீங்கள் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இவர் என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் கடைக்கு யாராவது வந்தால் இப்போது எழுந்து வெளியே போய் நிற்கிறார்.

கடனை எப்படியும் அடைத்துவிடுவேன். ஆனால் தொப்பியம்மா என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எழுதியது நீங்கள், எனக்குத் தெரியாது என்று உங்கள் கையால் அவருக்கு எழுதுங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். குழுவிலும் சொல்லிவிட்டேன். கடன் நின்னா நிக்கட்டும், என் புருஷனை என்னன்னு எழுதி வெச்சிருக்கா, அதைக் கேளு முதல்ல என்றார் மீன்காரம்மா.

உங்கள் வீட்டுக்காரரை நாங்கள் இருவரும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் நூறு வயது வரை உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் தங்கை என்று கூப்பிட்டவள்