நீலாம்பாள் கேட்டது

தரங்கம்பாடி
2000 பிப்ரவரி

அன்புள்ள மகன் டேவிட்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உன் கால் எப்படி இருக்கிறது, டேராடூன் குளிர் அந்தக் காலுக்கு ஆகாது, கம்பளி சாக்ஸை இரவிலும் கழற்றாதே. அக்கா ஆஷ்லின் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள், மாப்பிள்ளை பெங்களூர் கம்பெனியில் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறாராம், இந்த மாதத்துக்குள் முடிவு தெரிய வேண்டுமாம், அப்பா சரி சரி என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

உன் கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். அகாடமியில் கேடட்டுகளுக்கு முதல் வகுப்பு, ஒரு ஆபீசர் தன் ஆட்களை எப்படி நடத்திப் போக வேண்டும் என்று சொல்லித்தர வேண்டிய வகுப்பு, அதில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வராமல் வெளியே வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கார்கிலில் நெடுமாறனை முதலில் மேலே ஏறச் சொன்னது நான், அவன் செத்தான் நான் பிழைத்தேன், நான் யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க, ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், அவன் வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லை நீங்கள் ஒருமுறை போய் வாருங்கள் என்றும் எழுதியிருந்தாய். அதனால் போனோம். அவன் உடல் பெட்டியில் ஊருக்கு வந்தபோது நாங்கள் டெல்லி ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் இருந்தோம், இல்லாவிட்டால் அப்போதே போயிருக்க வேண்டும்.

கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா ஒரு பாத்திரக் கடைக்குள் போய்க் குத்துவிளக்கு என்ன விலை என்று கேட்டார், நம் வீட்டில் எதற்குக் குத்துவிளக்கு, அவரும் பதிலைக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார், நானும் ஏன் என்று கேட்கவில்லை. நெடுமாறனின் அம்மா நீலாம்பாள் வயலில் இருந்தார்கள், சம்பா அறுப்பு முடிந்து களத்தில் நெல் காய்கிறது. யார் என்று அப்பா சொன்னதும் வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு வந்து எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் பாய் போட்டார்கள். அந்த அம்மா அழவில்லை, எனக்கும் அழுகை வரவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாதான் முதலில் பேசினார்கள், அவனை முன்னால போகச் சொன்னது யாருங்க என்று கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். எங்க மகன்தான் என்று நான் சொன்னேன், மலை ஏறுவதில் நெடுமாறனைவிடக் கெட்டிக்காரன் அங்கே இல்லையாம், அதனால் அனுப்பினானாம் என்றேன். பிறகு, பெட்டியோட வந்தவங்ககிட்ட அன்னிக்கு அவன் சாப்பிட்டானான்னு கேட்டேன், வீரமா போராடினார்னு சொன்னாங்க, நான் அதைக் கேக்கலையே என்றார்கள். பசிச்சா அவன் சொல்ல மாட்டான், பார்த்துத்தான் போடணும் என்றார்கள்.

நீ வேலையை விடப்போவதாக அப்பா சொன்னபோதுதான் அந்த அம்மாவின் முகம் மாறியது. எனக்குக் கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேங்க, இருக்கு, ஆனா அவரு விட்டுட்டு எங்கயோ போயிட்டா என் புள்ளை திரும்பி வந்துடுமா, அவரு இப்ப பாடம் சொல்லிக்குடுக்குற புள்ளைங்க நாளைக்கு எத்தனை பேரு பெத்ததை மேல ஏத்தப் போறாங்க, கூட நிக்கிறவன் சாப்பிட்டானா தூங்கினானா பயந்தானான்னு தெரிஞ்சிக்காம யாரையும் அனுப்பாதீங்கன்னு அவரு சொல்லட்டும், அதைப் படிச்சவங்க சொன்னா ஏறாது, அவரு சொன்னாத்தான் ஏறும் என்றார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து சமைக்கிறேன், சர்ச்சுக்குப் போகிறேன், வருகிறேன். பெங்களூர் வேலை நல்ல வேலைதான், நீ பத்திரமாக இருப்பாய், பெற்றவளுக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்குமா. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகு, போய்ச் சேர்ந்துகொள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போ. பேச்சு வராவிட்டால் அவன் பெயரை மட்டுமாவது சொல்லு, மீதி வரும்.

லீவு கிடைத்ததும் வா, நீலாம்பாள் உன்னை வரச் சொன்னார்கள். நெடுமாறன் அன்று சாப்பிட்டானா என்பதை எழுதி அனுப்ப வேண்டாமாம், நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். யூனிபார்ம் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார்கள். நாங்கள் துணைக்கு வருகிறோமே என்றேன், அவரு மட்டும் வரட்டும் என்றார்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
அருள்ஜோதி