வெட்டிய தலைகளின் வயது

செவ்வாய்க்கிழமை, இரவு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். மூன்று நாட்கள் எழுதாமல் தாமதித்ததைப் பொறுத்தருள்க.

தடா சந்தைக்கு வரும் மீன்களின் வயதை மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பை வகுத்தவள் நானே. மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லின் வளையங்களை எண்ணினால் அதன் வயது புலப்படும். முழு மீனின் தலையைத் திறக்க வியாபாரிகள் விடுவதில்லை. ஆகவே, மீன் வெட்டும் கௌரம்மாவிடம் மிஞ்சும் தலைகளைப் பெற்றேன். மீன்கள் பிடிபடாமல் நெடுநாள் வாழ்ந்து முதிர்கின்றன, ஆகவே வளம் குன்றவில்லை என மீன்வளத் துறைக்கு அறிக்கை அனுப்பினேன். அதை நம்பியே, குஞ்சு மீன்களையும் அள்ளிவிடும் சிறுகண்ணி வலைகளுக்கு நாளை அனுமதி வழங்கவிருக்கிறார்கள்.

இன்று கூடையைப் பார்த்து, "சின்ன மீன் தலை ஒண்ணுகூட இல்லையேம்மா?" என்றேன்.

கௌரம்மா சிரித்தாள். "சின்னத எவன் வெட்டச் சொல்றான் மேடம்? முழுசா எத்துக்கினு பூட்றாங்க. எங்கிட்ட வர்றதெல்லாம் கெழடுதான். இத்தினி படிச்சிக்கினு இது தெரியாதா?"

இளம் மீன் ஒன்றுகூட என் கணக்கில் சேரவில்லை. கல்லூரி வாசலை மிதிக்காமல் கற்றவள் என்ற என் பெருமிதம் அவ்விடத்திலேயே அடங்கியது. துறை அதிகாரிக்கு அனுப்ப இவ்வாறு எழுதியுள்ளேன்:

"ஐயா, என் அறிக்கை பிழையானது. பொறுப்பு முழுவதும் என்னுடையது. அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். விடிவதற்குள் பதில் தாருங்கள்."