நாலாம் தொட்டியின் நேரம்

மே 14, செவ்வாய்

மீன்குஞ்சு அறிக்கையைப் படித்துவிட்டு எங்கள் மீன் ஆய்வு நிலையப் பொறுப்பாளர் சேர் இன்று சிரித்தார். முட்டையிலிருந்து முந்திப் பொரித்தவைதான் விரைவாக வளரும், அதிகம் தப்பும் என்று எதிர்பார்த்திருந்தோம். பிந்திப் பொரித்ததாக நான் எழுதிய நாலாம் தொட்டிக் குஞ்சுகளும் அவற்றுக்குச் சமமாக வளர்ந்திருந்தன.

"கடைக்குட்டிதான் கெட்டிக்காரன் எண்டு என்ர அம்மாவும் சொல்லுறவ," என்றார். அவர்தான் அவர்கள் வீட்டுக் கடைக்குட்டி.

இரண்டு வாரமாக மறைத்ததைச் சொன்னேன். "சேர், அதுகள் பிந்தேல்லை. நான்தான் பிந்தி வந்தனான். காலமை ஆறு மணிக்குப் பாக்க வேண்டிய தொட்டியைப் பதினொண்டுக்குத்தான் பாத்தனான். பாத்த நேரத்தைப் பொரிச்ச நேரமா எழுதிப்போட்டன்."

"ஏன் பிந்தினது?"

"வெள்ளவத்தையிலை சுற்றிவளைப்பு. என்னையும் மற்றத் தமிழாக்களையும் பிடிச்சுப் பொலிசிலை வைச்சிருந்தவை."

எழுந்து கதவைச் சாத்தினார். நாலாம் தொட்டியை அறிக்கையிலிருந்து வெட்டினார். பிந்திய காரணத்தை எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்.

"பஸ் பிந்தினது எண்டு போடுங்கோ, பிள்ளை. மேலை போற கடதாசி. உங்களுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை."

அப்படியே எழுதினேன். நேரத்தை மட்டும் மாற்றவில்லை: ஆறு முதல் பதினொன்று வரை. ஐந்து மணித்தியாலம் பிந்துகிற பஸ்ஸை மேலே யாரும் நம்பப் போவதில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள்.